வராதவர் யார்? எல்லையோரச் சிறு ஆஸ்பத்திரியை டிஜிட்டலுக்கு மாற்ற ஒரு முழு வழிகாட்டி

தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் போக ஆரம்பித்துவிடும். உள்ளே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், மடியில் தூக்குவாளி. பகலில் கேரளம், இரவில் தமிழ்நாடு. குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் லயத்து வீடுகளிலேயே, அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளிலேயே, தங்கிவிட்ட குடும்பங்களும் நிறைய. ரேஷன் கார்டு கீழே தமிழ்நாட்டில் இருக்கும், பிள்ளை படிப்பது மேலே கேரளத்தில் இருக்கும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான்: ஒரு மாதம் மேலே, ஒரு மாதம் கீழே.

இந்த வட்டாரத்தில், மலைமேல் ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரியில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், மருந்து கொடுக்க ஒருவர், நான். ஓர் ஐப்பசி மாலையில், மழைக்கு நடுவே, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன நிலையில் ஓர் அம்மாவை ஜீப்பில் தூக்கி வந்தார்கள். டாக்டர் முதலுதவி பார்த்து வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும்போது, "கடைசியா எப்ப பிரஷர் மாத்திரை வாங்கினாங்க?" என்று கேட்டார். ரிஜிஸ்டர்களைப் புரட்டிக் கண்டுபிடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜூன் மாதம். நான்கு மாதமாக அவர் வரவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எங்களிடம் பதினோரு ரிஜிஸ்டர் இருந்தது. வந்தவர் ஒவ்வொருவர் பெயரும் அழகான கையெழுத்தில் இருந்தது. வராதவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சிறு ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மாலைதான் ஞாபகம் வரும். வந்தவரைப் பதிய நோட்டு போதும். வராதவரைக் காட்டத்தான் கம்ப்யூட்டர் வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் அந்த ஒரு வேலையை நோக்கியே போகின்றன.

முதல் படி: எதையும் வாங்காமல் ஒரு வாரம் பாருங்கள்

வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒரு நோயாளி உள்ளே வந்ததிலிருந்து மருந்தோடு வெளியே போகும்வரை அவர் பெயரை எத்தனை இடத்தில் எழுதுகிறார்கள் என்று எண்ணுங்கள். எங்கள் இடத்தில் ஐந்து: ஓபி சீட்டு, ஓபி ரிஜிஸ்டர், பிரஷர் நோட்டு, மருந்து நோட்டு, மாதக் கணக்குத் தாள். அப்புறம் நர்ஸிடம் கேளுங்கள்: "இதில் எதை நீங்கள் திரும்பப் புரட்டிப் பார்ப்பீர்கள்?" எங்கள் நர்ஸ் இரண்டைக் காட்டினார். மீதி மூன்றும் யாரோ எப்போதோ கேட்டார்கள் என்பதற்காக ஓடிக்கொண்டிருந்தவை. அவற்றை நிறுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். பழைய எழுத்து வேலை அப்படியே இருக்க, அதன் தலையில் ஒரு டேப்லெட்டையும் ஏற்றினால் ஆறாவது இடத்திலும் பெயர் எழுத வேண்டிவரும். நர்ஸ் அதை இரண்டே வாரத்தில் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார்; அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. உகாண்டாவில் ஆளாளுக்கு ஒரு செல்போன் சுகாதாரத் திட்டம் என்று சோதனை முயற்சிகள் பெருகி, ஒன்றோடொன்று பேசாமல் கிடந்ததால், 2012 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே புதிய முயற்சிகளை நிறுத்திவைக்கச் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓடிக்கொண்டிருக்கும் சுகாதார அமைப்புக்கு டிஜிட்டல் கருவி துணை நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்க முடியாது என்றுதான் சொல்கிறது. மாத்திரையே இருப்பு இல்லாத இடத்தில் மாத்திரையை நினைவூட்டும் எஸ்எம்எஸ் அனுப்புவதில் என்ன இருக்கிறது?

இரண்டாம் படி: ஒரே ஒரு நோயோடு தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்ற ஆசைப்படாதீர்கள். பிரஷரை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. அளப்பது எளிது, மருந்து விலை குறைவு, மாதம் ஒருமுறை வந்தாக வேண்டும், 140-க்கு 90 என்ற கோடு எல்லோருக்கும் தெரியும். இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2017-ல் முதலில் கால்வைத்த ஐந்து மாநிலங்களில் கேரளமும் ஒன்று. அதில் பின்பற்றிய முறையின் உயிர்நாடியே, தேதி தவறியவர்களின் பட்டியல்தான்.

கம்ப்யூட்டருக்கு முன் மூன்று மாதம் இதை அட்டையில் செய்து பாருங்கள். ஒரு நோயாளிக்கு ஓர் அட்டை. மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ பன்னிரண்டு தடுப்பு, மாதத்துக்கு ஒன்று. இன்று வந்தவரின் அட்டையை அவர் அடுத்து வர வேண்டிய மாதத் தடுப்பில் போடுங்கள். மாதம் முடிந்த அன்று அந்தத் தடுப்பில் எது மிஞ்சியிருக்கிறதோ அவர்கள்தான் வராதவர்கள். இந்தப் பெட்டி ஓடவில்லை என்றால் செயலியும் ஓடாது. எங்கள் பெட்டியில் முதல் மாதக் கடைசியில் மிஞ்சிய அட்டைகளை மேசையில் பரப்பிவைத்தபோது இரண்டு நர்ஸும் பேசாமல் நின்றார்கள். அதில் பாதிப்பேரை அவர்களுக்கு முகம் தெரியும்.

மூன்றாம் படி: இவர் யார்?

எல்லையோரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

செல்வி என்று ஒருவர் வருகிறார். தமிழ்நாட்டு ஆவணத்தில் அவர் மு. செல்வி, அந்த 'மு' அப்பாவா கணவரா என்பது எந்த வயதில் எடுத்த ஆவணம் என்பதைப் பொறுத்தது. கேரளத்தில் படிவம் வீட்டுப்பெயர் கேட்கும். நம்மவர்களுக்கு வீட்டுப்பெயர் கிடையாது என்பதால் எஸ்டேட் பெயரையோ கணவர் பெயரையோ எழுதிவிடுவார்கள். பேச்சியம்மாள், கருப்பாயி போன்ற பெயர்கள் மலையாளத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டு. கம்ப்யூட்டருக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

போன் நம்பரை வைத்துத் தேடலாமே என்பீர்கள். ஒரு லயத்தில் நான்கு வீட்டுக்கு ஒரே நம்பர் இருக்கும். ஆதாரோடு இணைத்த போனோ திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். ஓடிபி அவனுக்குப் போகும், அவன் கம்பெனியில் வேலையாக இருப்பான். கைரேகை? வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளியும் ஏலக்காய் எடுத்தும் தேய்ந்த விரல்களை மெஷின் பல நேரம் ஏற்பதில்லை.

நாங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது இது. ஆஸ்பத்திரியே ஒரு சொந்த எண் கொடுத்துவிட வேண்டும். அதைக் கையடக்க அட்டையில் கியூஆர் ஒட்டோடு அச்சடித்து, லேமினேட் செய்து கொடுங்கள். அட்டையைத் தொலைத்தவரைத் தேடுவதற்கு மூன்று குறிப்புகள் போதும்: எஸ்டேட்டும் லயமும், கணவர் அல்லது அப்பா பெயர், பிறந்த வருடம். பெயரைத் தமிழில் ஒரு கட்டத்திலும், ஆதாரில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றாமல் இன்னொரு கட்டத்திலும் பதியுங்கள். பிறந்த தேதி தெரியாதவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஜனவரி 1 என்று போடாதீர்கள். "எம்ஜிஆர் செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேளுங்கள். அது 1987. அங்கிருந்து கணக்குப் போட்டால் பிறந்த வருடம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். உத்தேச வயது என்று குறிக்க ஒரு கட்டமும் வையுங்கள்.

அட்டையின் பின்பக்கம் இன்னும் முக்கியம். கீழே இருக்கும் நர்ஸுக்கு மலையாளம் வாசிக்க வராது, மேலே மற்ற ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நர்ஸுக்குத் தமிழ் வாசிக்க வராது. இரண்டு பேருக்கும் பொதுவானவை எண்களும், ஆங்கிலத்தில் எழுதிய மருந்துப் பெயரும்தான். எனவே தேதி, பிரஷர் அளவு, மருந்தின் பெயர், மில்லிகிராம், அடுத்த தேதி: இந்த ஐந்து மட்டும் அச்செழுத்துபோலத் தெளிவாக. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு இறங்கும் பெண்ணுக்கு இந்தத் தாள் பெரிய உதவி. சர்வர் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் அது அவர் கையில் இருக்கும்.

நான்காம் படி: மின்சாரம், டவர், இடி

டிஜிட்டல் மருத்துவம் எங்கே போய் முட்டி நிற்கும் என்று காட்ட நம் தேனியிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2000-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு ஒன்று, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் மையங்களோடு நெடுந்தூர வைஃபை வழியாக இணைத்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். அந்தக் குழு பிறகு, இந்த இணைப்புகளை உயிரோடு வைத்திருப்பதில் பட்ட பாட்டையும் எழுதிவைத்தது. கருவிகளைப் பெரிதும் படுத்தியது மின்சாரத்தின் தரம்: திடீரென ஏறும் வோல்டேஜ், தாழ்ந்துபோகும் வோல்டேஜ். உள்ளூர் ஆட்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று.

எனவே செயலியைப் பார்ப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். இடுக்கி மலையில் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் பொல்லாதது. மேகம் கறுக்க ஆரம்பித்தால் ரூட்டர், சார்ஜர், ஆன்டெனா ஒயர் மூன்றையும் கழற்றிவிட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். யார் கழற்றுவது என்று ஆள் பெயரையும் எழுதுங்கள்.

பேட்டரிக் கணக்கு எளிதுதான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும், ஆக 900. இன்வெர்ட்டர் தின்பது போகச் சுமார் 765. லேப்டாப் 45 வாட், ரூட்டர் 10, எல்இடி விளக்கு 10 என்றால் 65 வாட். வகுத்தால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஒரு பகல் ஓபிக்குத் தாராளம். தடுப்பூசி ஃபிரிட்ஜை மட்டும் இதில் சொருகாதீர்கள், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

டவரைப் பொறுத்தவரை, இரண்டு கம்பெனி சிம் வாங்கி, ஒரு வாரம் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் வேலை நடக்கும் மேசையிலேயே வைத்துச் சோதியுங்கள். வாசலில் நான்கு கோடு காட்டும் சிம் பின்கட்டு மருந்தறையில் செத்துக் கிடக்கும்.

ஐந்தாம் படி: மென்பொருள்

முந்நூறு, நானூறு நோயாளிகள்தான் என்றால் ஒரு எக்செல் தாளே போதும். எண், பெயர், இடம், போன், பிரஷர், மருந்து, அடுத்து வர வேண்டிய தேதி. கடைசிப் பத்தியை வரிசைப்படுத்தினால் வராதவர் பட்டியல் தானாக மேலே வந்து நிற்கும். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவையுங்கள், அவ்வளவுதான்.

அதற்கு மேல் போனால் திறந்த மூலச் செயலிகளை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவற்றை, பாருங்கள். பிரஷர், சுகருக்கு மட்டும் என்று செய்தது சிம்பிள்; முன்னே சொன்ன கட்டுப்பாட்டு முயற்சியில் பயன்படுவது. லயம் லயமாகப் போய்ப் பதிய ஆட்கள் இருந்தால் அவ்னி. படுக்கை, லேப், மருந்தகம் எல்லாம் உள்ள ஆஸ்பத்திரிக்கு, 2004-ல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருளின் மேல் கட்டிய பாம்னி. பாம்னியைப் போட்டுக் கவனிக்க ஒரு கம்ப்யூட்டர் ஆள் வேண்டும். ஐந்து பேர் ஆஸ்பத்திரிக்கு அது பெரிய சட்டை.

எதை எடுத்தாலும் விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். நெட் இல்லாமல் நாள் முழுக்க ஓடுமா? தமிழில் டைப் செய்தால் தமிழிலேயே தேடுமா? மூன்றாம் வருடம் என்ன செலவு? விலகும் நாளில் எங்கள் தரவை எக்செலில் திறக்கும் கோப்பாகத் தருவீர்களா? கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்காமல் விட்டோம். முதல் வருடம் இலவசம் என்று ஒரு கம்பெனி கொடுத்த மென்பொருளை விட்டு வெளியே வரும்போது கிடைத்தது பிடிஎஃப் கட்டு. அதைப் பார்த்து மறுபடி டைப் செய்ய ஆறு வாரம் ஆனது. வாய்வார்த்தை போதாது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஆறாம் படி: இரண்டு அரசுகளோடும்

ஆபா என்பது மத்திய அரசுத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் சுகாதாரக் கணக்கு எண், 14 இலக்கம். அதைக் கொடுக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதற்கும் வந்தது. எல்லை தாண்டும் நோயாளிக்கு இதுதான் நாளடைவில் பாலமாகும் என்று நம்புகிறேன். கேட்டு, விளக்கி, சம்மதம் சொன்னால் போட்டுக்கொடுங்கள். அது விருப்பத்தின் பேரில் எடுப்பது. வேண்டாம் என்றவருக்கும் ஓபி சீட்டு உண்டு என்பதை வாசலில் இருப்பவருக்கு அழுத்திச் சொல்லிவையுங்கள். கேரள அரசு ஆஸ்பத்திரிகளில் இ-ஹெல்த் என்ற அரசுப் பதிவுத் திட்டம் தனி எண் கொடுக்கும். அதையும் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். தோட்டத்தில் மாதாமாதம் பரிசோதனை பார்த்துவிட்டு, ஏழாம் மாதம் சின்னமனூருக்கோ உத்தமபாளையத்துக்கோ தாய்வீடு போவார்கள். தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிக்மி எண், அதாவது அந்த அரசின் கர்ப்பிணிப் பதிவு எண், வேண்டும். பிறப்புச் சான்றிதழும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் அதோடு கட்டுண்டவை. வலி எடுத்த பிறகு அதற்கு அலைய முடியாது. கர்ப்பம் உறுதியான அன்றே, "பிரசவம் எங்க பார்க்கப் போறீங்க?" என்ற கேள்வியைப் பதிவில் ஒரு கட்டமாக வையுங்கள். கீழே என்றால், அந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியரின் நம்பரை வாங்கி அன்றைக்கே பேசிவிடுங்கள். காசநோய்க்கு இந்தத் தொல்லை குறைவு. நிக்‌ஷய் என்ற அரசுக் காசநோய்ப் பதிவுத் தளம் நாடு முழுவதற்கும் ஒன்று, நோயாளி இடம் மாறினால் பதிவையும் மாற்றிவிடலாம்.

தூரத்து டாக்டரோடு போனில் பேசி ஆலோசனை கேட்கும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனி 2019-லிருந்து இருக்கிறது, இலவசம். மலைமேல் இருந்து கூப்பிட்டால் மறுமுனையில் பெரும்பாலும் மலையாளம் பேசும் டாக்டர். நோயாளியைத் தனியே போனோடு உட்கார வைக்காதீர்கள். நர்ஸ் பக்கத்தில் இருந்து இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். "நெஞ்சு கரிக்குது" என்பதும் "நெஞ்சு வலிக்குது" என்பதும் வேறு வேறு. போனில் மொழி மாறும்போது இந்த இடத்தில்தான் தவறும். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் எந்த மருந்தை எந்த வழியில் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று பிரித்துச் சொல்கின்றன. அதை அச்சடித்து மருந்தறையில் வையுங்கள்.

ஏழாம் படி: பட்டியலை வைத்து என்ன செய்வது

இதற்குத்தான் இத்தனை பாடும். திங்கட்கிழமை மாலை பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். போன் செய்யும் நேரம் மாலை ஆறரைக்கு மேல். அதற்கு முன் யாரும் தோட்டத்திலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். மருந்து கொடுத்த அதே நர்ஸ் கூப்பிடட்டும். "ஏன் வரலை?" என்று தொடங்கினால் அந்தப் பக்கம் குரல் இறங்கிவிடும். எங்கள் மூத்த நர்ஸ் இப்படித்தான் ஆரம்பிப்பார்: "அக்கா, நான் சிஸ்டரு பேசுறேன். உடம்பு எப்படி இருக்கு? மாத்திரை இருக்கா, தீர்ந்துபோச்சா?"

பதிலைக் குறிக்க ஐந்தாறு வகை வைத்துக்கொள்ளுங்கள்: ஊருக்குப் போயிருக்கிறார், கூலி விட்டு வர முடியவில்லை, சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார், நம்பர் தவறு, இறந்துவிட்டார். எல்லையோரத்தில் இன்னொன்று கட்டாயம் வேண்டும்: வேறு இடத்தில் வாங்குகிறார். கீழே தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அப்படி வாங்குபவர் நம் பட்டியலில் சிவப்பாகத் தெரிவார், ஆனால் நன்றாகத்தான் இருப்பார். எங்கே வாங்குகிறார், என்ன மருந்து என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். இரண்டு இடத்திலும் வாங்கி இரண்டையும் போடுபவர்களும் உண்டு. அவர்களை உடனே வரச்சொல்ல வேண்டும்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, தையில் பொங்கல். அந்த வாரங்களில் பட்டியல் பாம்பு மாதிரி நீளும், பதற வேண்டாம். அடுத்த வருடம் அதற்கு முன்பே இரண்டு மாத மாத்திரையாகக் கொடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் ஓபியை வாரம் இரண்டு நாள் மாலையிலும் வைத்தோம். "கூலி விட்டு வர முடியவில்லை" என்ற குறிப்பு பட்டியலில் திரும்பத் திரும்ப வந்ததால் எடுத்த முடிவு அது.

போனில் கிடைக்காதவருக்கு ஜீப் டிரைவரிடமோ கங்காணியிடமோ சொல்லிவிட வேண்டிவரும். "சிஸ்டர் கூப்பிட்டாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன நோய், என்ன மாத்திரை என்று ஒரு வார்த்தை கூடாது. வேலை கொடுக்கும் இடத்தில் நோய் தெரிந்தால் ஜீப்பில் இடம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது, அதை மதியுங்கள்.

எட்டாம் படி: ரகசியம்

ஆளுக்கு ஒரு கடவுச்சொல். திரை ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது. நோயாளியின் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். 2017-ன் எச்ஐவி சட்டம் அந்த நோயாளிகளின் விவரத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது. 2023-ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. சம்மதம் கேட்கும்போது படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காமல், தமிழில் நான்கு வரி வாசித்துக் காட்டுங்கள்: என்ன எழுதிக்கொள்கிறோம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் என்ன ஆகும்.

ஒன்பதாம் படி: பழைய நோட்டை எப்போது மூடுவது, புதியதை எப்படிக் காப்பது

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது அதிகபட்சம் இரண்டு மாதம். அதற்கு மேல் போனால் இரண்டிலும் பிழை சேரும். மூடுவதற்கு முன் ஒரு சோதனை: நோட்டிலிருந்து இருபது பெயரை எடுத்துக் கம்ப்யூட்டரில் தேடுங்கள், கம்ப்யூட்டரிலிருந்து இருபதை எடுத்து நோட்டில் தேடுங்கள். இரண்டு பக்கமும் குறைந்தது பத்தொன்பது பொருந்தினால் மூடலாம்.

கம்ப்யூட்டரை ஓட்ட ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் லீவு போடும் நாளில் ஆஸ்பத்திரியே லீவு. எங்கள் இடத்தில் வேகமாகக் கற்றுக்கொண்டவர் மருந்து கொடுக்கும் அக்கா; எட்டாம் வகுப்புவரை படித்தவர். பேங்க் போல வரிசை எண் கூப்பிடலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான்.

தினமும் மாலை பேக்கப் எடுங்கள், வாரம் ஒருமுறை ஒரு பிரதி வேறு கட்டடத்துக்குப் போகட்டும். பலரும் இதோடு விட்டுவிடுவார்கள். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு லேப்டாப்பில் போட்டு, திறக்கிறதா, இந்த வாரம் வந்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் முதன்முறை அப்படித் திறந்தபோது கோப்பு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நல்லவேளையாக அன்று மூலப் பிரதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஓபி முடிந்ததும், இரண்டு நர்ஸும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் திறந்து, வராதவர் பட்டியலையும் அதிலிருந்தே அச்செடுத்து, சுவரில் ஆணியில் மாட்டுகிறார்கள். பெயர் இல்லாமல், எண்கள் மட்டும்.